காதல் தோன்றாமல் கல்யாணம் செய்யலாமா, டீச்சர்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். வயது இருபத்தேழு, வங்கியில் வேலை. வீட்டில் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். "பையனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை டீச்சர். ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவும் இல்லை. நீங்கள் வகுப்பில் நடத்திய செம்புலப் பெயல்நீர் எல்லாம் புத்தகத்தோடு சரியா? காதல் என்றால் உண்மையில் என்னதான்? அது இல்லாமல் கல்யாணம் செய்யலாமா?" என்று மூன்று கேள்வி. போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மக்களே, செம்புலத்திலிருந்தே தொடங்குகிறேன். குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டு. 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று ஆரம்பித்து, 'செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று முடியும். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான். கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடித்து அச்சடித்து அதை ஒரு வாழ்த்துப்பாட்டு ஆக்கிவிட்டோம். எந்தச் சூழலில் யார் சொன்னது என்று அந்தப் பாட்டுக்குப் பழையவர்கள் எழுதி வைத்த துறைக்குறிப்பை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை. அதன்படி தலைவனும் தலைவியும் கூடியபின், இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். வாய் திறந்து சொல்லவில்லை. முகம் மாறுகிறது. அவன் அதைக் கண்டுகொண்டு சொன்ன பாட்டு அது. தமிழில் மிகவும் புகழ்பெற்ற காதல் பாட்டு, பயந்துபோன ஒரு பெண்ணுக்குச் சொன்ன ஆறுதல். உவமை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு இப்போது பெரிதாகப் படுவது அந்த முகத்தை அவன் பார்த்தான் என்பதுதான்.

உங்கள் பக்கம் முழுக்கச் செம்மண். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை விட்டபிறகு ரப்பர் தோட்டத்துச் சரிவில் சிவப்பாக ஓடிவரும் வெள்ளத்தை நீ பார்த்திருப்பாய். வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ரெண்டு நாள் வாளியில வச்சா மண்ணு அடியில போயிரும் டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, வெளியே அனுப்பிவிட்டேன். அனுப்பியிருக்கக் கூடாது. அவன் சொன்னது சரிதான். கலந்தது கலந்தபடியே நிற்க வேண்டுமானால் யாராவது அதைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, காதல் என்றால் என்ன? நம் ஊரில் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'அவளுக்கு அவன்மேல் இஷ்டம்' என்போம், 'ரெண்டுபேருக்கும் சினேகம்' என்போம், இப்போது எல்லாவற்றுக்கும் 'லவ்' என்கிறோம். சங்கப் பாட்டில் இதற்கு வருகிற சொல் பெரும்பாலும் காமம். அந்தச் சொல் அன்று கெட்டுப்போயிருக்கவில்லை. மிளைப்பெருங்கந்தன் என்ற புலவர், 'காமம் காமம் என்கிறார்களே, அது பேயும் இல்லை நோயும் இல்லை' என்று ஆரம்பித்து, ஒருவகைத் தழையைத் தின்ற யானைக்கு மதம் எழுவதுபோல, உள்ளே கிடப்பது காண்பவரைக் கண்டபோது வெளிப்படும் என்கிறார். அதாவது வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து தாக்குவதில்லை. உனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது இந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது. மூன்று முறை, அதுவும் பெரியம்மாவும் மாமாவும் சுற்றி உட்கார்ந்திருக்க, ரசவடைத் தட்டுக்கு நடுவில் பார்த்த ஒருவனிடம் என்ன தோன்றிவிடும்?

ஆனால் ஒன்று. தோன்றுவதை எல்லாம் காதல் என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தொல்காப்பியம் அன்பொடு புணர்ந்த ஐந்திணையை, அதாவது இருவர் மனமும் ஒத்த காதலை, தனியாக வைக்கிறது. ஒருதலையான ஆசையைக் கைக்கிளை என்றும், பொருந்தாததைப் பெருந்திணை என்றும் அதற்கு வெளியே நிறுத்துகிறது. கைக்கிளைக்கு அது சொல்லும் அடையாளம் 'சொல்எதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. பதில் வராவிட்டாலும் தானே பேசிப் பேசி மகிழ்வது. ஒரு பெண்ணுக்கு நூறு மெசேஜ் அனுப்பிவிட்டு அதை உண்மைக் காதல் என்று சொல்லித் திரிகிற பையன்களை நினைத்துக்கொள். துரத்தித் துரத்திக் கடைசியில் அவளைச் சம்மதிக்க வைப்பதைச் சினிமா எத்தனை ஆண்டுகளாகக் காதல் என்று நமக்கு விற்றுக்கொண்டிருக்கிறது!

தொல்காப்பியத்தைப் பற்றிப் பேசினால் உங்கள் பக்கத்துப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த நூலை அரங்கேற்றியபோது கேட்டுச் சரிபார்த்தவர் அதங்கோட்டு ஆசான் என்கிறது அதன் முன்னுரையான பாயிரம். அது களியக்காவிளைப் பக்கத்து அதங்கோடுதான் என்று நம்மூர்க்காரர்கள் சொல்லுவார்கள். அந்த நூலிலேயே, பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க வாங்கிக்கொள்வதுதான் கற்பு, அதாவது திருமண வாழ்க்கை, என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அடுத்தாற்போல் 'கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே' என்று இன்னொன்று. இருவரும் சேர்ந்து ஊரைவிட்டுப் போய்விட்டால் கொடுப்பவர் இல்லாமலும் சடங்கு செல்லும். 1967-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும் என்று ஆக்கியபோது நம் தமிழாசிரியர்கள் எத்தனை மேடையில் இந்த வரியைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறாய்!

அதற்காக, சங்க காலத்தில் எல்லாரும் மனம்போல் காதலித்துக் கல்யாணம் செய்தார்கள் என்று சொல்லுகிறவர்கள் பின்னால் போகாதே. அதே தொல்காப்பியம் தலைவனுக்கும் தலைவிக்கும் பொருந்தியிருக்க வேண்டிய பத்தைப் பட்டியல் போடும்போது முதலில் வைப்பது பிறப்பு, அடுத்தது குடிமை. அருளும் உணர்வும் பின்னால்தான் வருகின்றன. நம் கல்யாணப் புரோக்கரின் நோட்டும் ஏறக்குறைய அதே வரிசைதான். கணவன் மனைவி பிணக்கைப் பாடும் மருதத்திணைப் பாட்டுகளில் பரத்தை வீட்டுக்குப் போய்வந்த கணவனுக்குக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தவிக்கிற மனைவிமாரும் இருக்கிறார்கள். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அது நாட்குறிப்பு இல்லை, புலவர்கள் கட்டிய அரங்கு. ஆனால் அந்த அரங்கில் வருகிற முகங்கள் பொய்யில்லை.

இனி இலக்கியத்தில் கல்யாணத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கன்னியாகுமரி முனையில் நிற்கிற வள்ளுவர் சிலையின் கணக்கு உனக்குத் தெரியும். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, மற்ற இரண்டு பாலும். மொத்தம் 133. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள், நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விளையாட்டு. ஒவ்வொரு அடியையும் ஓர் அதிகாரமாக எண்ணிக்கொண்டு மேலே போனால் உச்சியில் எது வரும்? 133-ஆவது அதிகாரம் ஊடலுவகை. அந்த மனிதரின் உச்சந்தலையில் உட்கார்ந்திருப்பது புருஷன் பெண்சாதிச் சண்டையின் சுகம்!

விளையாட்டு போகட்டும், இன்னொரு கணக்கைப் பார். காமத்துப்பாலில் 25 அதிகாரம். சந்தித்து, பார்த்து, மயங்கி, ஊர் வாய்க்கு அஞ்சுகிற களவியலுக்கு 7. கல்யாணத்துக்குப் பின்னான கற்பியலுக்கு 18. எழுபது குறளுக்கு எதிரே நூற்றெண்பது. நம் சினிமா தாலி கட்டியதும் வணக்கம் போட்டுவிடுகிறது. வள்ளுவர் அதற்குப் பிறகுதான் சாவகாசமாக உட்காருகிறார்.

கற்பியலின் முதல் குறளையே எடுத்துக்கொள். 'செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை.' போகவில்லை என்றால் என்னிடம் சொல்லு, சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை அதுவரை உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் போய்ச் சொல்லு என்கிறாள். திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசலில், வளைகுடாவுக்குத் திரும்புகிற புருஷனைக் கொண்டுவிட வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்கிற நம் மாவட்டத்துப் பெண்களைப் பார்த்திருக்கிறாயா? இந்தக் குறளுக்கு உரை எழுதச் சொன்னால் நான் அந்த வாசலை எழுதுவேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவ ஊர்ப் பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. கடற்கரைத் திணையான நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது பிரிந்தவனை எண்ணி வருந்துவது, என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே மக்களே, அது இவர்கள் கரையில் நின்ற நிற்பு.

எனக்கு மிகவும் பிடித்த கல்யாணப் பாட்டு வேறொன்று. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்.' புதுப்பெண் சமைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த கையைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்றவும் நேரமில்லை. தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவள் துழாவித் துழாவி வைத்த புளித்த குழம்பை அவன் 'இனிது' என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. பல்லைக் காட்டிச் சிரிக்கவில்லை, கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி ஒரு மலர்ச்சி. அதைக் கவனித்துவிட்டு வந்து பெண்ணைப் பெற்றவளிடம் சொல்பவள் வளர்த்த செவிலித்தாய். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. நம் வீட்டில் மோரும் தேங்காயும் சேர்த்துப் புளிசேரி வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு ஓடும்.

இந்தப் பாட்டை முப்பது வருஷம் நடத்தினேன். புரிந்தது என் அம்மா போன பிறகு.

அப்பா, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. 'இஞ்ச பாரு' என்பார், அவ்வளவுதான். அம்மாவும் எந்நேரமும் அவரிடம் முறைத்துக்கொண்டுதான் இருப்பாள். இதைக் கல்யாணம் என்று சொல்லலாம், காதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றுதான் பிள்ளைகள் நாங்கள் நினைத்திருந்தோம். காலையில் மீன்காரம்மா மீன் சருவப் பாத்திரத்தைத் திண்ணையில் இறக்கியதும் அப்பாதான் எழுந்து போவார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விலை பேசுவார், சாளை, அதாவது மத்தி, வாங்குவார். சாளை கிடைக்கிற காலத்தில் வாரம் நாலு நாள் எங்கள் வீட்டில் சாளைப் புளிமுளக் குழம்பு. அம்மா சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். அம்மா போய்ப் பதினாறு கழிந்து, மீன்காரம்மா மறுபடியும் வந்தாள். "நல்ல சாளை இருக்கு, எடுங்க" என்றாள். அப்பா சருவத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "வேண்டாம், வேற என்ன இருக்கு?" என்றார். அன்றைக்கு மட்டும் இல்லை, அதன்பிறகு சாளையே வாங்கவில்லை. ஒருநாள் கேட்டேன். "எனக்கு அது பண்டே பிடிக்காது. முள்ளு" என்றார். நாற்பத்தாறு வருஷம் அந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். எங்களுக்குத்தான் செவிலியின் கண் இல்லை.

வள்ளுவர் காமத்துப்பாலில் ஓர் அதிகாரத்துக்குக் குறிப்பறிதல் என்று பெயர் வைத்தார். பொருட்பாலிலும் அதே பெயரில் ஓர் அதிகாரம் உண்டு, அது அரசன் மனத்தை அமைச்சன் அறிவது. சொல்லாததை முகத்திலிருந்து படிப்பது. காதல் என்றால் என்ன என்ற உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த ஒரு சொல்தான். அது கல்யாணத்துக்கு முன்னாலும் தொடங்கலாம், பின்னாலும் தொடங்கலாம். முன்னாலேயே தொடங்கியது பின்னால் நின்றும் போகலாம், அப்படி நின்றுபோன காதல் கல்யாணங்களும் எனக்குத் தெரியும்.

நம் மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்தவள் கதையை இங்கே கொஞ்சம் நினைத்துப்பார். குமரிக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது. அவள் அலங்காரம் செய்துகொண்டு காத்திருக்கிறாள், அவன் புறப்பட்டு வருகிறான். நாரதர் சேவலாகக் கூவுகிறார், முகூர்த்தம் தப்பிவிட்டது என்று அவன் திரும்பிப் போகிறான். விருந்துக்கு வைத்த அரிசியெல்லாம் மணலாகிக் கடற்கரையில் இன்றும் கிடக்கிறது என்பார்கள். பாணாசுரன் என்ற அசுரனைக் கன்னிப்பெண்தான் கொல்ல முடியும், அதனால் தேவர்களுக்கு அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. அவளுக்கு விருப்பம், அவனுக்கும் விருப்பம், ஊருக்கு வேறு கணக்கு. ஒரு சேவல் கூவினதும் 'உண்மையிலேயே விடிந்துவிட்டதா' என்று அவன் ஆளனுப்பிக் கேட்டிருக்கலாம். நான் சிறுவயதிலிருந்தே இந்த இடத்தில் சிவனை மன்னித்ததில்லை.

ஊரின் கணக்கு என்றதும் சொத்து வந்துவிடும். நாஞ்சில்நாட்டில் மருமக்கள்வழி இருந்ததை உன் தலைமுறை கேள்விப்பட்டுக்கூட இருக்காது. ஆணின் சொத்து அவன் சகோதரியின் மகனுக்கு. கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் அவன் கண்ணை மூடியதும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியவர்கள். தேரூர்க்காரரான கவிமணி 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று அதை ஒரு பெண்ணின் வாயிலாகவே அழவும் சிரிக்கவும் வைத்துப் பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்து அந்த முறைக்கு முடிவு கட்டியது. அந்தக் காலத்தில் கணவன் சொத்திலிருந்து மனைவி மக்களுக்குக் கிடைக்கிற சிறு பங்குக்கு ஒரு பெயர் இருந்தது, உகந்துடைமை. உகந்து கொடுப்பது. மற்றதெல்லாம் முறைப்படி மருமகனுக்குப் போக, அன்புக்கு என்று ஒரு துண்டு ஒதுக்கி அதற்கு இப்படி ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அழகான சொல், கேவலமான ஏற்பாடு.

காதலும் குடும்பக் கௌரவமும் மோதுகிற கதை வேண்டுமானால் நம்மூர்க்காரரான ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' படி. 1964-இல் வந்த நாவல். நொடித்துப்போன பெரியவீட்டு லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். வயதுக்கு வந்த பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவைப்பதைச் சங்கப் பாட்டில் இற்செறிப்பு என்று படித்தோம். அது இங்கே பனங்காட்டுக் கிறிஸ்தவ வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது. அவர்கள் பேசிக்கொள்வது மிகக் குறைவு. எனக்கு அந்தக் குறைவுதான் பிடிக்கும்.

இப்போது உன் மூன்றாவது கேள்வி. காதல் இன்னும் வரவில்லை என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே. பையன் நல்லவன் என்பதற்காக மட்டும் சரி என்றும் சொல்லாதே. நல்லவன் என்று ஊர் சொல்வது, குடிக்க மாட்டான், சம்பளத்தை வீட்டில் கொடுப்பான் என்கிற அளவுதான். நீ பார்க்க வேண்டியது வேறு. அவனோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாமல் இருந்து பார். கல்யாணத்துக்குப் பிறகு உன் வேலை, உன் சம்பளம், உன் அம்மாவை யார் பார்ப்பது, எதுவானாலும் சரி. நீ 'இல்லை' என்றால் அவன் முகம் என்ன ஆகிறது? 'உப்பமைந் தற்றால் புலவி' என்றார் வள்ளுவர். ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் நீண்டாலும் கரித்துவிடும். அளவு பார்க்கத் தெரியாதவனோடும், உப்பே கூடாது என்கிறவனோடும் ஆயுள் முழுக்க ஓர் அடுக்களையில் இருக்க முடியாது. அப்புறம் சீதனம். எத்தனை சவரன், காரா ரொக்கமா என்று உன் மாமாவும் அவர்கள் வீட்டாரும் பேசும்போது அவன் எங்கே பார்க்கிறான்? 'பெரியவங்க பேசிக்குவாங்க' என்று போனை நோண்டிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடு. வாங்குவதும் கொடுப்பதும் 1961-இலிருந்தே குற்றம். அது நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. சேவல் கூவினதும் திரும்பிப் போகிறவனா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை முட்டம் கடற்கரையில் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே வேண்டாம், காற்றில் பேசுவது பாதி கேட்காது, மீதியைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திங்கட்கிழமைதான் அடைத்திருக்கும், ஞாயிறு உண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நடந்து சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கூட்டம் இருக்கும், ஆனால் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். உள்ளே வாசல்கள் தாழ்வு, படிகள் குறுகல், தெரியாதவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். அவனை முன்னால் போகவிடு. குனிந்து அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பார்த்து, 'தலை, பார்த்து' என்கிறானா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.